உரிமையா, உரிமமா?

கேள்வி: மெல்போர்ன் கோப்பை போன்ற பெரிய குதிரைப் பந்தயங்களில், ஒளிபரப்பு உரிமையை வாங்கிய தொலைக்காட்சியைத் தவிர மற்றச் செய்தியாளர்களுக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடுகள் விதிக்கிறார்களே என்று குறைசொல்கிறீர்கள். பணம் கொடுத்தவருக்குத்தானே உரிமை? இதில் என்ன தவறு?
(மதுரை வாசகர் ஒருவர்)

பதில்: ‘உரிமை’ என்ற சொல் உங்கள் கேள்வியில் இரண்டு முறை வருகிறது. குதிரை கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் இந்தச் சொல்லுக்குக் கடிவாளம் போட வேண்டும்.

உரிமை என்பது பிறப்போடும் உறவோடும் வருவது. காதுகுத்தில் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைக்கிறோமே, அது உரிமை. அத்தை வீட்டில் யாரையும் கேட்காமல் சோற்றுப்பானையைத் திறப்பது உரிமை. வாக்களிப்பதும் பேசுவதும் உரிமை. பணம் கட்டி, கெடு குறித்து, நிபந்தனைகளுக்குக் கையெழுத்திட்டு வாங்குவதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது: உரிமம். வண்டி ஓட்ட உரிமம், கடை நடத்த உரிமம், துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம். இதைப் பல ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் சொல்லிவருகிறேன். நான் ‘ஒளிபரப்பு உரிமம்’ என்று எழுதிக்கொடுத்தால் எங்கள் பிழைதிருத்துநர் அதை ‘உரிமை’ என்று மாற்றிவிடுவார். “வழக்கில் நிலைத்துவிட்டது ஐயா” என்பார். அப்படி நிலைத்ததால்தான் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்கிறது. வாடகைக்கு வீடு பிடித்தவரை வீட்டுக்காரர் என்று அழைத்துப் பழகிவிட்டால், நாளை அவர் சுவரை இடித்தாலும் நமக்குச் சரியாகத்தான் படும்.

இப்போது குதிரைக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் விக்டோரியா பார்க் என்று ஒரு பந்தய மைதானம் இருந்தது. அதன் அருகே டெய்லர் என்பவருக்கு நிலமும் வீடும் இருந்தன. தன் நிலத்தில் ஒரு மேடை கட்ட அவர் அனுமதித்தார். 2யூடபிள்யூ வானொலியின் வர்ணனையாளர் சிரில் ஆங்கிள்ஸ் அதில் ஏறி நின்று, வேலிக்கு மேலாகப் பார்த்து, எந்தக் குதிரை முந்துகிறது என்று ஊருக்கே சொன்னார். வீட்டிலிருந்தே கேட்க முடிந்தபின் டிக்கெட் வாங்க யார் வருவார்கள்? மைதானத்தார் வழக்குப் போட்டார்கள். 1937-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர்களைத் தோற்கடித்தது. காட்சி என்பது யாருக்கும் சொத்தாக முடியாது என்றார் தலைமை நீதிபதி லேத்தம். பார்ப்பது பிடிக்கவில்லையா, வேலியை உயர்த்திக்கொள்ளுங்கள்.

அந்தத் தீர்ப்பில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் ஒன்று உண்டு. ஒருவன் பஸ்ஸிலிருந்து விழுந்தான் என்பதையோ, இன்ன குதிரை வென்றது என்பதையோ முதலில் அறிவித்தவர், மற்றவர்கள் அதைச் சொல்லக்கூடாது என்று தடுக்க முடியாது என்கிறார் லேத்தம். இதைவிட எளிமையாகப் பத்திரிகைத் தொழிலின் அடிப்படையை யார் சொல்ல முடியும்? பஸ் கம்பெனியின் சொத்து பஸ். விழுந்தவன் விழுந்தது ஊர்ச் செய்தி. நடத்துநர் வந்து “இந்த விழுகையின் ஒளிபரப்பை விற்றுவிட்டோம், நீங்கள் திரும்பிக்கொள்ளுங்கள்” என்று சாலையில் நிற்பவர்களிடம் சொன்னால் எப்படி இருக்கும்! நான் சிறுவனாக இருந்தபோது எதிர்வீட்டு மொட்டைமாடியில் நின்றுதான் தேர் பார்த்தேன். கொட்டகைக்கு வெளியே மணலில் உட்கார்ந்து முழுப்படத்தின் வசனத்தையும் கேட்டு, மறுநாள் பள்ளியில் கதை சொன்னேன். கண்ணுக்கும் காதுக்கும் எட்டியதைச் சொல்வது திருட்டு என்று யாரும் என்னை அடிக்கவில்லை.

எதிர்த் தீர்ப்பு எழுதிய நீதிபதிகள் ரிச், எவாட் இருவரையும் நான் அலட்சியப்படுத்த மாட்டேன். விதைக்காதவன் அறுக்கலாமா என்று எவாட் கேட்டார். தொலைக்காட்சி வரப்போகிறது, அப்போது இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகும் என்று ரிச் அன்றே எச்சரித்தார். பந்தயம் நடத்தச் செலவாகிறது. நேரடிப் படத்தை ஒருவருக்கு மட்டும் விற்று அந்தச் செலவை ஈடுகட்டட்டும். மெல்போர்ன் கோப்பையின் படம் 2024 முதல் நைன் தொலைக்காட்சியிடம் இருக்கிறது, அதற்கு முன் டென்னிடம் இருந்தது. அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி 2001 முதல் என்.பி.சி. தொலைக்காட்சியில் வருகிறது. இவற்றில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

என் சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. லேத்தம் சொன்ன வேலியை மைதானத்தார் வேறு விதமாக உயர்த்திவிட்டார்கள். அந்த வேலி இன்று நுழைவு அட்டையின் நிபந்தனைகளில் இருக்கிறது. உள்ளே வர வேண்டுமா, இங்கே நில், இதைப் படமெடுக்காதே, இத்தனை நேரத்துக்குமேல் காட்டாதே என்று கையெழுத்து வாங்கிக்கொண்டால் சட்டம் எதுவும் தேவையில்லை.

எழுத்தாளர்களும் பத்திரிகைகளும் இதில் யோக்கியர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1926-இல் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தை பி.பி.சி. வானொலியில் தந்தபோது, வர்ணனை கூடாது, ஓசை மட்டும் போகலாம் என்று தடுத்தவர்கள் செய்தித்தாள்களும் செய்தி நிறுவனங்களும்தான். மாலை 7 மணிக்கு முன் வானொலி செய்தி சொல்லவே கூடாது என்று ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். பந்தய நாளில் மழை. சேற்றில் குளம்படி கேட்கவில்லை. கூட்டமும் குடைக்குள் ஒதுங்கிவிட்டதால் ஆரவாரமும் இல்லை. என் தொழிலின் முன்னோர்கள் செய்த இந்தக் காரியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

1952-இல் மைதானத்தார் முறை. இங்கிலாந்தின் தடைதாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனல் நடக்கும் ஏன்ட்ரீ மைதானம் மிராபெல் டாப்ஹாம் அம்மையாரின் குடும்பத்தினுடையது. வர்ணனையின் பதிப்புரிமை யாருக்கு என்று பி.பி.சி.யோடு தகராறு. அம்மையார் பி.பி.சி.யை ஒதுக்கிவிட்டுத் தாமே வர்ணனையாளர்களை அமர்த்திக்கொண்டார். அவர்களில் ஒருவர், டீல் என்ற குதிரை முதல் தடையிலேயே விழுந்துவிட்டது என்று அறிவித்தார். அன்று கோப்பையை வென்றதே டீல்தான்! குதிரை தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். இங்கே குதிரை ஒழுங்காக ஓடியது, வர்ணனையாளர்தான் குழிபறித்தார். டீல்மேல் பணம் கட்டியவர்கள் அந்தச் சில நிமிடங்களில் என்ன பாடுபட்டிருப்பார்கள்! அருகில் வேறொரு குரல் இருந்திருந்தால் அந்தப் பிழை உடனே பிடிபட்டிருக்கும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கண் ஏன் வேண்டும் என்பதற்கு 1913 டெர்பியைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன் ஓடுதளத்தில் இறங்கினார். மன்னரின் குதிரை ஆன்மர் மோதியது. நான்காம் நாள் இறந்தார். வெவ்வேறு இடங்களில் நின்ற நியூஸ்ரீல் (திரையரங்குச் செய்திப்பட) கேமராக்கள் அதைப் பதிவு செய்தன. அந்தச் சுருள்களை அருகருகே வைத்து, அவர் சாகத்தான் வந்தாரா, குதிரைமேல் எதையாவது மாட்ட முயன்றாரா என்று நூறாண்டு கழித்தும் ஆராய முடிந்தது. ஒற்றைக் கேமரா இருந்திருந்தால் ஒற்றைக் கதைதான் மிஞ்சியிருக்கும்.

2014 மெல்போர்ன் கோப்பையில் அட்மயர் ரக்தி என்ற குதிரை கடைசியாக ஓடி முடித்து, தொழுவத்துக்குத் திரும்பி இறந்தது. அதே நாளில் அரால்டோ என்ற குதிரை கால் முறிந்து கருணைக்கொலை செய்யப்பட்டது. 2023-இல் கென்டக்கி டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸில், ஏப்ரல் இறுதியிலிருந்து மே இறுதிக்குள் 12 குதிரைகள் இறந்தன. இவையெல்லாம் தொழுவத்தின் பக்கம் நடந்துபோகக்கூடிய செய்தியாளர் சொல்ல வேண்டிய செய்திகள். பரிசளிப்பைக் காட்ட உரிமம் பெற்றவரிடம் இதையும் ஒப்படைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

ஆஸ்திரேலிய அரசே மெல்போர்ன் கோப்பையைக் கட்டணச் சேனல்கள் மட்டும் அள்ளிக்கொண்டு போகக்கூடாத நிகழ்ச்சிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 1995-இல், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், வான் அலைகள் பொதுச்சொத்து என்றது. விற்றவரும் வாங்கியவரும் மட்டும் பேசித் தீர்க்கும் விவகாரம் இது அல்ல என்று இரண்டு நாடுகளுமே ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

ஆகவே மதுரை நண்பரே, பணம் கொடுத்தவருக்குக் கிடைத்தது படம் காட்டும் உரிமம். எந்தக் குதிரை வென்றது, எது விழுந்தது, ஏன் விழுந்தது என்று சொல்வது அவர் வாங்கிய மூட்டையில் இல்லை. விற்றவரிடமும் அது இருந்ததில்லை. அடுத்த இதழ் முதல் இந்தப் பத்திரிகையில் ‘ஒளிபரப்பு உரிமம்’ என்றே வரும். பிழைதிருத்துநரிடம் சொல்லிவிட்டேன்.