டூட்டூ ஏன் குட்டையானது?

கேள்வி: பாலே நடனத்தில் பெண்கள் தட்டுப்போல விரிந்த குட்டைப் பாவாடையோடு ஆடுகிறார்களே! உடம்பைக் காட்டுவதற்கென்றே தைத்த உடை அது. இதையும் கலை என்று எப்படி ஏற்பது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: டூட்டூ என்பது அந்தப் பாவாடையின் பெயர். காலின் வேலையைக் காட்டத் தைத்த உடை அது. அதன் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

1720களில் பாரிஸ் ஓபரா என்ற அரங்கில் பெண்கள் தரையைக் கூட்டுகிற பாவாடையோடுதான் ஆடினார்கள். மரீ காமர்கோ என்ற ஆட்டக்காரி, துள்ளி எழும்பி, அந்தரத்திலேயே கால்களை மாற்றி மாற்றிப் பின்னுவதில் கெட்டிக்காரி. உயிரைக் கொடுத்துப் பழகிய வேலை துணிக்குள்ளேயே மறைந்துபோனால் என்ன பயன்? பாவாடையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே ஏற்றினார். உங்களைப் போலவே அன்றும் முகம் சுளித்தவர்கள் உண்டு.

அப்புறம் ஒரு நூறு வருடம். 1832 மார்ச் 12 அன்று அதே ஓபராவில் ‘லா சில்ஃபீட்’ அரங்கேறியது. காற்றில் திரியும் தேவதையாக மரீ டாலியோனி கால்விரல் நுனியில் நின்று ஆடினார். கெண்டைக்கால் வரை மணிபோல் இறங்கும் மெல்லிய வெள்ளைப் பாவாடை. ரொமான்டிக் டூட்டூ என்று இன்று சொல்வது இதைத்தான்.

அந்த மெல்லிய துணிக்குப் பெண்கள் கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. மேடையில் எரிந்தது காஸ் விளக்கு. ஆட்டக்காரிகளின் பாவாடையில் தீப்பிடிப்பது அடிக்கடி நடந்தது. துணியை மருந்தில் நனைத்துத் தீப்பிடிக்காமல் செய்ய ஒரு வழி இருந்தது. பிரான்ஸில் 1859இல் அரசாணையே போட்டார்கள். ஆனால் நனைத்த துணி விறைத்துப்போகும், வெள்ளை மங்கிவிடும். டாலியோனியின் அருமை மாணவி எம்மா லிவ்ரி அதை உடுத்த மறுத்தார். என்ன நடந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று எழுதியும் கொடுத்தார். 1862 நவம்பர் 15, ஒத்திகை. பாவாடையில் காஸ் விளக்கின் சுவாலை பற்றியது. எட்டு மாதம் கிடந்து துடித்து, 1863 ஜூலையில் இறந்தார். வயது 20. கருகிய உடையின் மிச்சத்தை ஓபராவின் நூலக அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். துணி மிதந்தால்தான் ஆட்டம் மிதக்கும் என்று நம்பிய பெண் அவர். அவருடைய உடையையா உடம்பைக் காட்டத் தைத்தது என்கிறீர்கள்?

பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியது அதற்குப் பிறகுதான். இத்தாலியப் பெண்கள் சுழற்சியிலும் பாய்ச்சலிலும் எல்லோரையும் மிஞ்சியிருந்தார்கள். 1885இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் போன வர்ஜீனியா ட்சுக்கி, அங்கே வழக்கமாயிருந்த நீளப் பாவாடையில் ஆட ஒப்பவில்லை. பியெரினா லென்யானி 1895இல் ‘அன்னப் பொய்கை’ (ஸ்வான் லேக்) பாலேயில் ஒற்றைக் காலில் நின்று, மறு காலைச் சாட்டையாக வீசி 32 சுற்றுச் சுற்றினார். கெண்டைக்கால் வரை துணி தொங்கினால், வீசுகிற கால் சிக்காதா? அந்த முழங்காலின் நேர்த்திதான் கண்ணில் படுமா?

சரி, பணம் கட்டிய கனவான்கள் பாரிஸில் மேடைக்குப் பின்புறம் வரை வந்து, ஏழைப் பெண்களைக் கண்ணால் மேய்ந்தது உண்மை. ஓவியர் டெகாவின் படங்களில் கறுப்புக் கோட்டுக்காரர்கள் ஓரமாக நிற்பதைப் பார்க்கலாம். அந்தப் பழியை அவர்கள் மேல் போடுங்கள், அந்தப் பெண்களின் உடை மேல் போடாதீர்கள்.

தட்டுப்போல விரிந்தது என்றீர்கள். அதைக் கவிழ்த்துப் பார்த்தால் தையற்காரரின் உழைப்பு தெரியும். அடியில் இடுப்போடு ஒட்டிய ஜட்டி. அதன் மேல் நெட் துணியைச் சுருக்கிச் சுருக்கி, பத்துப் பன்னிரண்டு வரிசை தைத்திருப்பார்கள். தொடையோரம் சில விரற்கடை அகலம். மேலே போகப் போக அகலம் கூடும். அடுக்குகள் தனித்தனியாகச் சரியாதபடி அங்கங்கே கையால் தளர்வாக ஒரு இழை. நடுவில் ஒரு கம்பி வளையம். முதுகில் இரண்டு மூன்று வரிசையாகக் கொக்கி, ஒரே உடையை வெவ்வேறு பெண்கள் போட வேண்டுமே! மடிப்புத் தொங்கிவிடாமல் இருக்கத் தலைகீழாகத்தான் மாட்டி வைப்பார்கள். இந்தக் கம்பியையும் எடுத்துவிட்டு, பவுடர் பஃப் போல மெத்தென்ற டூட்டூவை நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பாலன்சீனின் ஆட்டங்களுக்காகத் தைத்தவர் பார்பரா கரின்ஸ்கா. கூட்டமாக ஆடும்போது தட்டும் தட்டும் இடித்து ஆடிக்கொண்டிருந்த தொல்லை அதோடு தீர்ந்தது.

எப்படி ஏற்பது என்று கேட்டீர்கள். நம் ஊரில் ஏற்றவர் ருக்மிணி தேவி. ரஷ்ய ஆட்டக்காரி அன்னா பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் அவர் பாலே கற்றுக்கொண்டார். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடிப் போங்கள் என்று அவரைத் தூண்டியதும் பாவ்லோவாதான். கண்ணியமான குடும்பத்துப் பெண் பார்க்கவே கூடாது என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த சதிரை, அதாவது இன்றைய பரதநாட்டியத்தை, ருக்மிணி தேவி கற்று, 1935இல் அடையாற்றில் மேடையேறினார்.