பெரட்டு நேரத்து வெளிச்சம்

கேள்வி: விடியப் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகும்போது மலைக்கு மேலே அசையாத ஒரு வெளிச்சம். பறக்கும் தட்டு என்கிறார்கள். இதையெல்லாம் ஆராய்ந்த விஞ்ஞானி உண்டா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: உண்டு, தங்கச்சி. அமெரிக்க வானியலாளர் ஆலன் ஹைனெக். 1948இல் விமானப்படை அவரை ஆலோசகராக அழைத்தது. எது நட்சத்திரம், எது எரிகல் என்று பிரித்துச் சொல்வதுதான் வேலை. ஆரம்பத்தில் எல்லாம் வீண்பேச்சு என்றே நினைத்தார். 1966இல் மிச்சிகனில் தெரிந்த வெளிச்சங்களுக்குச் சதுப்புநில வாயு காரணமாக இருக்கலாம் என்று சொல்லி கேலிக்கு ஆளானார். ஆனால் பார்த்தவர்களின் பேச்சைக் கேட்கக் கேட்க மனம் மாறினார். அந்த மனதுதான் எனக்குப் பிடிக்கும். 1969இல் விமானப்படை ஆய்வை மூடியபோது, 12,618 தகவல்களில் 701க்கு விளக்கம் இல்லை. 1973இல் தானே ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்.

ஹாலி வால்வெள்ளி வந்த 1910இல் பிறந்தவர், அது திரும்பி வந்த 1986இல், ஏப்ரல் மாதம் காலமானார். அந்த மாதம்தான் அப்பா என்னைக் கம்பளியோடு தூக்கி, லயத்து வாசலில் நின்று அதைக் காட்டினார். ஊதிவிட்ட சாம்பல் மாதிரி ஒரு மங்கல்.

சரி, உங்கள் வெளிச்சம் கிழக்கிலா? விடிவெள்ளியாக இருக்கலாம். ஒரு மரக்கிளையோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். அரைமணியில் மேலே ஏறியிருக்கும். ஏறாவிட்டால் திகதி, நேரம், திசை குறித்து எனக்கு எழுதுங்கள்.