ஜிபேட் தேர்வு: படித்த பாடத்தையே வேறு விதமாகப் படிக்க வேண்டும்

அன்புள்ள மாணவிக்கு,

பி.பார்ம் மூன்றாம் ஆண்டில் படிப்பதாகவும், மருந்தாக்கவியல் முதுகலைப் படிப்பான எம்.பார்ம் சேர்வதற்காக ஜிபேட் என்ற தேசிய நுழைவுத்தேர்வை எழுத விரும்புவதாகவும், நீட் தேர்வில் இரண்டு முறை தவறியதால் நுழைவுத்தேர்வு என்றாலே அச்சமாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா என்று உங்கள் தந்தையார் தனியே கேட்டிருக்கிறார். இருவருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

ஜிபேட் கேட்பது நீங்கள் ஏற்கெனவே செமஸ்டர் தேர்வில் எழுதித் தேறிய பாடங்களைத்தான். ஆனால் ஒரு மருந்துக் குடும்பத்தைப் பற்றி நான்கு பக்கம் விவரித்து எழுதிப் பழகிய உங்களுக்கு, 3 மணி நேரத்தில் 125 கேள்விகள், அதாவது ஒரு கேள்விக்கு ஏறத்தாழ 86 விநாடிகள் என்பது முற்றிலும் புதிய பழக்கம். அறிவுக் குறைவு என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் இந்தப் பழக்கக் குறைவுதான் என்பதை, பல மாணவர்களோடு உட்கார்ந்து விடைத்தாள்களைப் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன்.

2024 முதல் இத்தேர்வைத் தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் நடத்துகிறது. மொத்தம் 500 மதிப்பெண். வேதியியல் சார்ந்த பாடங்களுக்கு 38 கேள்விகள், பார்மசூட்டிக்ஸ் (மருந்து தயாரிப்பு) சார்ந்தவற்றுக்கு 38, பார்மகாலஜிக்கு (மருந்து உடலில் செயல்படும் விதம்) 28, பார்மகாக்னசிக்கு (இயற்கைப் பொருள்களிலிருந்து கிடைக்கும் மருந்துகள்) 10, மற்றவற்றுக்கு 11 என்பது அறிவிக்கப்பட்ட பகிர்வு. விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டில் இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: மெடிசினல் கெமிஸ்ட்ரியையும் பார்மகாலஜியையும் தனித்தனிப் புத்தகங்களாகப் படிக்காதீர்கள், மருந்துக் குடும்பத்தை அலகாக வைத்து இரண்டையும் ஒரே நாளில் படியுங்கள். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஏ.சி.இ. தடுப்பான்களை எடுத்துக்கொள்வோம். கேப்டோபிரிலில் கந்தகம் கொண்ட சல்ஃபைட்ரில் தொகுதி உண்டு என்பது வேதியியல். சுவை மாற்றமும் தோல் தடிப்பும் அத்தொகுதியோடு தொடர்புபடுத்தப்படுகின்றன என்பது பார்மகாலஜி. எனாலாபிரில் உடலுக்குள் சென்று எனாலாபிரிலாட்டாக மாறிய பிறகே வேலை செய்யும் முன்மருந்து. லிசினோபிரிலுக்கு அந்த மாற்றம் தேவையில்லை, அது மாறாமலே சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. இக்குடும்பம் பிராடிகைனின் என்ற உடற்பொருள் சிதைவதையும் தடுப்பதால் வறட்டு இருமல் வருகிறது. வேறு குடும்பத்தைச் சேர்ந்த லோசார்டன் ஆஞ்சியோடென்சின் ஏற்பியைத் தடுப்பதால் அந்தத் தொல்லை அரிது. இவ்வளவையும் ஒரே தாளில், ஒரே அமர்வில் எழுதி வைத்தால், கேள்வி எந்தப் பாடத்தின் பெயரில் வந்தாலும் உங்களுக்கு அது தெரிந்த முகமாக இருக்கும்.

கணக்குகளைத் தள்ளிப்போட வேண்டாம். அரை ஆயுட்காலம் 4 மணி நேரமான மருந்து 12 மணி நேரத்துக்குப் பின் 12.5 விழுக்காடு மிஞ்சும் என்பதையும், 95 விழுக்காடு ஆல்கஹாலையும் 50 விழுக்காடு ஆல்கஹாலையும் 4:5 என்ற விகிதத்தில் கலந்தால் 70 விழுக்காடு கிடைக்கும் என்பதையும் தாளில் போட்டுப் பழகியவர்கள், தேர்வறையில் மற்றவர்கள் திணறும் இடத்தில் உறுதியான மதிப்பெண் பெறுகிறார்கள். பார்மகாக்னசியோ படிக்கச் சுவையானது. திருநெல்வேலியின் பெயரையே உலகச் சந்தையில் தாங்கி நிற்கும், மலமிளக்கியான சென்னா இலையையும், அதற்கான போர்ன்ட்ரேகர் சோதனையில் அம்மோனியா அடுக்கு இளஞ்சிவப்பாவதையும் மறக்க முடியாது. ஆனால் 10 கேள்விகளுக்காக இரண்டு மாதங்களைக் கொடுத்துவிடாதீர்கள்.

மாதிரித் தேர்வில் முப்பது கேள்விகளை வெறுமையாக விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 மதிப்பெண் கழிவு என்ற விதியில், நான்கு விடைகளில் ஒன்றையாவது உறுதியாக விலக்க முடிந்தால் துணிந்து குறிப்பதே சராசரியில் இலாபம். இரண்டை விலக்கிவிட்டுப் பத்துக் கேள்விகளைக் குறித்தால், பாதி தவறானாலும் 20 பெற்று 5 இழப்பீர்கள், மிச்சம் 15. நீட் தந்த அச்சம் இந்தக் கணக்கை உங்கள் கண்ணிலிருந்து மறைத்திருக்கிறது.

தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடப்பதால், தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்த நீங்கள் தினமும் இருபது கேள்விகளையாவது வாய்விட்டுப் படித்து, 'தவிர', 'அல்லாதது' என்ற பொருள் தரும் சொற்களை அடிக்கோடிடும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். விடை தெரிந்தும் அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் மதிப்பெண் இழந்தவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

தந்தையாருக்கு: இப்போதே பெருந்தொகை கட்ட வேண்டியதில்லை. முதல் மூன்று மாதங்கள் கல்லூரி நூலகமும் பழைய வினாத்தாள்களும் போதும். அதன் பிறகும் மதிப்பெண் அசையாமல் நின்றால் மாதிரித் தேர்வுகளுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஜிபேட்டில் தகுதி பெற்று எம்.பார்ம் சேரும் மாணவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையை ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) வழங்கிவருகிறது. சேரவிருக்கும் கல்லூரியின் மாணவர்கள் அதைப் பெறுகிறார்களா என்று கட்டணம் செலுத்தும் முன்பே அலுவலகத்தில் கேளுங்கள். மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் படிப்பு முடிந்து ஓராண்டு வேலை பார்த்த பிறகும் அதைப் பயன்படுத்தலாம். ஹைதராபாத் நைபர் போன்ற தேசிய மருந்துக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் தனி நுழைவுத்தேர்வை எழுதவும் பி.பார்ம் முடித்தவர்களுக்கு ஜிபேட் தகுதி கேட்கப்படுகிறது.

வரும் ஞாயிறு காலை பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதிப் பாருங்கள். விட்ட கேள்விகளையும் தவறிய கேள்விகளையும் தனித்தனியே எண்ணி எனக்கு அனுப்புங்கள். எந்த மருந்துக் குடும்பத்திலிருந்து தொடங்குவது என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்வோம்.