மாவுக்கட்டு பிரித்த பிறகும் கை மடங்காதது ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. 6 வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார். பிரித்து 20 நாட்கள் ஆகின்றன. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்கிறார். ஆனால் அம்மாவால் விரல்களை முழுவதும் மடக்கவோ உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவோ முடியவில்லை. எண்ணெய் தடவி இழுத்து நீவிவிட்டால் சரியாகும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். செய்யலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இழுத்து நீவ வேண்டாம். எலும்பு கூடுவதற்காகக் கையை அசையாமல் வைத்திருந்த அதே 6 வாரங்களில் மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகியிருக்கும், முன்கைத் தசைகள் மெலிந்திருக்கும், வடியாத வீக்கத்தால் விரல்களை இயக்கும் தசைநாண்கள் வழுக்கி ஓட முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிறர் வலுவாக இழுத்தால் திசுக்கள் மறுபடி காயப்பட்டு, கை முன்னிலும் அதிகமாக இறுகும். மாவுக்கட்டு இருக்கும்போதே விரல்களையும் தோளையும் அசைத்து வரவேண்டும் என்பதைப் பல நோயாளிகளுக்கு யாருமே எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அம்மா தம் சொந்த முயற்சியால் கையை அசைப்பதே மருந்து. பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் கையை 10 நிமிடம் வைத்து, அதிலேயே விரல்களை மெல்ல மடக்கி நீட்டட்டும். பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல் உள்ளங்கையை மேலே திருப்பி, 5 விநாடி நிறுத்தி, மீண்டும் கீழே திருப்பட்டும். மேசை விளிம்புக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு மணிக்கட்டை மேலும் கீழும் அசைப்பதும் அவசியம். ஒவ்வொன்றையும் பத்துப் பத்து முறையாக, நாளுக்கு நான்கைந்து வேளை செய்யலாம். பயிற்சியின்போது சற்று வலிப்பது இயல்பு. மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் மட்டும் அளவைக் குறையுங்கள். பயத்தால் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார் என்றால், இன்றே வலது கையால் சோற்றைப் பிசைந்து உண்ணச் சொல்லுங்கள். விரல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறு எனக்குத் தெரியாது. தண்ணீர் வாளி தூக்குவது, துணி பிழிவது ஆகியவற்றை மருத்துவர் அனுமதித்த பிறகு தொடங்கலாம். அசைவு சில வாரங்களில் தேறத் தொடங்கும். பிடிப்பின் வலு முழுதாகத் திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட ஆகும்.

எரிச்சலான கடும் வலியுடன் தோல் பளபளத்து நிறம் மாறினாலோ, கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போனாலோ, கட்டைவிரலைத் திடீரென்று உயர்த்த முடியாமல் போனாலோ, காத்திராமல் எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே 63 வயதில் எலும்பு முறிந்திருப்பதால், எலும்பின் அடர்த்தி குறைந்து பலவீனமாகும் எலும்புப்புரை நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) இருக்கிறதா என்று அறிய, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என அடுத்த முறை மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். அடுத்த முறிவு இடுப்பில் நேர்ந்துவிடாமல் தடுக்க இப்போதே சிகிச்சை தொடங்க முடியும்.