சுற்றுச்சூழல் கொள்கை படிக்க வீட்டை அடமானம் வைக்க வேண்டாம்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்காளராக இருக்கும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். சிவில் இன்ஜினீயரிங் முடித்த அவருடைய மகள், நொய்யல் ஆற்று நீரின் தரத்தைப் பற்றி இறுதியாண்டுத் திட்ட அறிக்கை எழுதியவள். இப்போது சர்வதேசச் சுற்றுச்சூழல் அரசியலையும் கொள்கையையும் முதுநிலையில் படிக்க விரும்புகிறாள். அமெரிக்காவில் இருக்கும் தாய்மாமாவோ டேட்டா சயின்ஸ் படிக்கச் சொல்கிறார். அவள் கேட்காவிட்டால், வீட்டின் பேரில் கடன் வாங்கியாவது லண்டனில் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்க்கும்படி வற்புறுத்துகிறார். என்ன செய்வது என்பது தந்தையின் கேள்வி.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மைத்துனரின் இரண்டு யோசனைகளையுமே நான் ஏற்கவில்லை.

நொய்யலைக் கழிவுநீரால் மாசுபடுத்தியதற்காக, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் உங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை நீங்கள் அருகிலிருந்து பார்த்திருப்பீர்கள். ஆறு எவ்வளவு உப்பைத் தாங்கும் என்பது அறிவியல். சுத்திகரிப்புச் செலவை முதலாளி, அரசு, வெளிநாட்டில் துணி வாங்குபவர் ஆகியோரில் யார் ஏற்பது என்பது அரசியல். அதே கேள்விதான் காலநிலை மாற்றம் குறித்த 2015-இன் பாரிஸ் ஒப்பந்தத்திலும், இரும்பு, அலுமினியம், சிமென்ட் போன்ற இறக்குமதிகளின் கரிம உமிழ்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கட்டணம் விதிக்கும் எல்லை வரியிலும் பெரிய அளவில் எழுகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்கள், சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி விதித்த பிறகு, இந்தியாவிலும் இத்துறைக்கு ஆள் தேவைப்படுகிறது. எனவே வேலை உண்டு. ஆனால் பட்டத்தை மட்டும் பார்த்து அந்த வேலையைத் தருபவர்கள் குறைவு. எங்கே என்ன செய்தாய் என்றுதான் கேட்பார்கள். கல்லூரியை முடித்த கையோடு லண்டனில் ஓராண்டுப் படிப்பில் சேர்வதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

அங்கே கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் நாற்பது லட்சம் ரூபாயைத் தாண்டும். பத்தரை சதவீத வட்டியில் பத்தாண்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 54,000 ரூபாய். தாய்மாமாவின் அக்கறையை மதிக்கிறேன்; ஆனால் தவணை கட்டப்போவது அவர் அல்ல. வீட்டுப் பத்திரத்தை எந்த வங்கியிலும் கொடுக்காதீர்கள்.

உங்கள் குடும்பத்தில் யாரும் பேசாத வழி ஒன்று உண்டு. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம். அங்கே சுற்றுச்சூழல் ஆளுகை என்ற ஈராண்டு முதுநிலைப் படிப்பு ஆங்கிலத்திலேயே நடக்கிறது. காடு, நீர், ஆற்றல் ஆகியவற்றைப் பற்றிய முடிவுகளை யார், எந்த விதியின்கீழ் எடுக்கிறார்கள் என்பதே அதன் மையம். ஃப்ரைபுர்க் இருக்கும் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் வாங்கும் படிப்புக் கட்டணம் ஆறு மாதப் பருவத்துக்கு 1,500 யூரோ மட்டுமே. ஐ.நா. காலநிலை மாநாட்டமைப்பின் செயலகம் அதே நாட்டின் பான் நகரில் இருப்பதால், ஆண்டுதோறும் ஜூன் மாதவாக்கில் நடக்கும் பேச்சுவார்த்தைகளும் எட்டும் தூரத்தில் இருக்கும்.

வாழ்க்கைச் செலவு கணிசமானது என்பதையும் மறைக்க மாட்டேன். விசாவுக்காக ஓராண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். இதற்குத்தான் ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் எபோஸ் (EPOS) உதவித்தொகையை நாடச் சொல்கிறேன். வளரும் நாடுகளின் பணி அனுபவம் உள்ள பட்டதாரிகளுக்கான அத்திட்டம் மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது; பெரும்பாலும் படிப்புக்கு முன் ஜெர்மன் மொழிப் பயிற்சியும் தருகிறது. ஆனால் குறைந்தது இரண்டாண்டு தொடர்புடைய பணி அனுபவம் வேண்டும். பட்டம் பெற்று ஆறாண்டுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது.

ஆகவே முதலில் அவள் வேலைக்குப் போகட்டும். சாயக் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம், ஏற்றுமதி நிறுவனத்தின் சுற்றுச்சூழல் இணக்கப் பிரிவு, நீர்வளத்தில் இயங்கும் தொண்டு நிறுவனம் ஆகிய மூன்றுமே திருப்பூரில் இருந்துகொண்டு தேடக்கூடியவை. தமிழக அரசின் முதலமைச்சர் பசுமைப் புத்தாய்வுத் (ஃபெலோஷிப்) திட்டத்துக்கு அறிவிப்பு வந்தால், தகுதி விதிகளைப் பார்த்து உடனே விண்ணப்பிக்கட்டும்; ஈராண்டு மாவட்ட நிர்வாகத்தோடு பணியாற்றும் அனுபவம், கொள்கை படிக்கப் போகிறவளுக்கு மிகப் பெரிய மூலதனம். கல்லூரி முடித்துச் சும்மா இருக்கிறாள் என்று உறவினர்கள் பேசுவதற்கும் இடம் இருக்காது.

டேட்டா சயின்ஸ் பேச்சை இனி அவளிடம் எடுக்காதீர்கள். ஓர் ஆற்றின் நீரைத் தானே எடுத்துச் சோதித்து அறிக்கை எழுதிய பெண், தன் நாட்டம் எதில் என்பதைக் காட்டிவிட்டாள். புள்ளியியல் இத்துறைக்கும் தேவை. அதை அவள் இங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை இரண்டு. சிவில் இன்ஜினீயரிங் பின்னணி ஏற்கப்படுமா, உதவித்தொகை பெறுவோர் கட்டணமும் செலுத்த வேண்டுமா என்று அவளே ஃப்ரைபுர்க்குக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கட்டும். திட்ட அறிக்கையை வழிநடத்திய பேராசிரியர் ஊரை விட்டு மாறிப் போவதற்குள் பரிந்துரைக் கடிதம் பற்றி அவரிடம் பேசி வைக்கட்டும். இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். என்ற ஜெர்மன் தூதரகப் பிரிவுக்கான விண்ணப்பத்தை வேலையில் சேர்ந்த பிறகு நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம்.