கேள்வி: அகதிகளுக்கு வேலையும் சொந்தத் தொழிலும் அமையத் தொடர்புகள் கிடைக்க நாம் என்ன செய்யலாம்?

கும்மிடிப்பூண்டியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாம் தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. என் கடைக்கு வரும் பெயிண்டர்களில் பலர் அங்கிருந்து வருகிறவர்கள்தான்.

தொழில் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வெளியில் ஆள்தான் தெரியாது. நமக்கென்றால் ஒரு மாமா கம்பெனியில் இருப்பார், கூடப் படித்தவன் எங்காவது சொல்லி விடுவான். முகாமில் பிறந்த பையனுக்குச் சொந்தபந்தம் எல்லாம் முகாமுக்குள்ளேயே. அவர்களும் பெயிண்டர்கள். அப்புறம் மேஸ்திரி கூப்பிட்டால்தான் வேலை, அவர் கொடுப்பதுதான் கூலி.

அங்கிருந்து ஒரு தம்பி வருவான். சுவரைச் சமமாக்கப் பட்டி பூசுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. சுவரை ஒட்டி பல்பைப் பிடித்து, நிழல் விழும் மேட்டையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருப்பான். ஆனாலும் வருடக்கணக்கில் தினக்கூலிதான். ஆந்திரப் பக்கம் தடாவில் புதுவீடு கட்டிய ஒருவர் என் கடைக்கு வந்து பெயிண்டர் கேட்டபோது, "நம்ம பையன், நான் பொறுப்பு" என்று அவன் நம்பரைக் கொடுத்தேன். பட்டியும் பிரைமரும் கடனில் எடுத்துப் போகச் சொன்னேன். கையில் முதல் இல்லாதவனுக்குக் காண்ட்ராக்ட் கிடைத்தாலும் சரக்கு வாங்க வழியில்லையே. வேலை முடிந்த நாளே பாக்கியைக் கட்டினான். அடுத்த மாதம் இன்னொருவனைக் கூட்டிவந்து, "அண்ணை, இவனுக்கும் ஒரு கணக்கு எழுதுங்கோ" என்றான். எழுதினேன்.

படித்த பிள்ளைகள் பாடு இன்னும் கஷ்டம். இன்ஜினியரிங் முடித்த ஒருவன் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் தேறிவிட்டான். சான்றிதழில் முகாம் முகவரியைப் பார்த்தார்கள், அதோடு போன் வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கும் போக முடியாது. கடைக்கு வரும் சிப்காட் சூப்பர்வைசர் ஒருவரிடம் ஆதார், முகாம் அடையாள அட்டை எல்லாவற்றையும் முன்கூட்டியே காட்டி விளக்கினேன். அவர் ஹெச்.ஆரிடம் பேசினார். இப்போது மெயின்டனன்ஸில் இருக்கிறான்.

வேலை கொடுப்பவர்களுக்கு ஒன்று. முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் செக்கிங் நாளில் அவர்கள் அங்கே இருந்தாக வேண்டும். 2021-இல் உயர்த்திய பிறகும் குடும்பத் தலைவருக்கு உதவித்தொகை மாதம் 1,500 ரூபாய்தான், அதையும் இழக்க முடியாது. தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்று லீவு கொடுங்கள்.

பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் பற்றிக் கேட்க, 1984 முதல் முகாம்களில் வேலை செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை அணுகலாம்.

தடா, சூலூர்பேட்டை பக்கம் வீடு கட்டுகிறீர்களா? பெயிண்டர் வேண்டுமென்றால் முதலில் முகாமில் கேளுங்கள். அட்வான்ஸை வேலை செய்கிறவர் கையிலேயே கொடுங்கள்.