மெய்நிகர் வட்டுக்குக் கான்ஃபிக்எஃப்எஸ்: மாட்யூலைக் கழற்றாமல் அமைப்பை மாற்ற

கேள்வி: லினக்ஸில் மெய்நிகர் வட்டு தரும் பிளாக் டிரைவர் ஒன்றை எழுதியிருக்கிறேன். வட்டுகளின் எண்ணிக்கை, அளவு எல்லாமே மாட்யூல் பாராமீட்டர்கள், அதாவது டிரைவரைக் கர்னலில் ஏற்றும்போது கொடுக்கும் மதிப்புகள். ஒன்றை மாற்றினாலும் மாட்யூலைக் கழற்றி மறுபடி ஏற்ற வேண்டியிருக்கிறது. ஐஆக்டில் (நிரல் டிரைவருக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் அழைப்பு), சிஸ்எஃப்எஸ் (கர்னல் தன் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்), கான்ஃபிக்எஃப்எஸ் (பயனர் கோப்புறை உருவாக்கிக் கர்னல் பொருள்களை அமைக்கும் இடம்), இவற்றில் எதற்கு மாறலாம்?

பதில்: உங்கள் வட்டை உருவாக்குவது யார் என்று முதலில் பாருங்கள். வன்பொருளைக் கண்டறிந்து கர்னலே உருவாக்குகிறது என்றால், அதன் நிலையைக் காட்டவும் ஒன்றிரண்டு மதிப்புகளை மாற்றவும் சிஸ்எஃப்எஸ் போதும். உங்கள் விஷயத்தில் 'இன்னொரு வட்டு கொடு' என்று கேட்பவர் பயனர். அப்படியானால் கான்ஃபிக்எஃப்எஸ்தான். 2006-இல் 2.6.16 கர்னலோடு அது வந்தது இந்தத் தேவைக்காகத்தான்.

இந்த வேலைக்கு சிஸ்எஃப்எஸ்ஸை வளைத்தால் என்ன ஆகும் என்பதை இசட்ராமில் (நினைவகத்தில் சுருக்கி வைக்கும் வட்டு டிரைவர்) பார்க்கலாம். அதில் 'ஹாட்-ஆட்' என்ற கோப்பைப் படித்தாலே புது வட்டு ஒன்று உருவாகி, அதன் எண் திரும்பி வரும். படிப்பதால் எதுவும் மாறாது என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். இங்கே ரூட்டாக அந்தக் கோப்புறைகளில் கிரெப் என்ற தேடல் கட்டளையை ஓட்டினாலும் வட்டு முளைத்துவிடும்.

கான்ஃபிக்எஃப்எஸ்ஸில் கோப்புறை உருவாக்கினால் வட்டு வரும், கோப்புறையை நீக்கினால் வட்டு போகும். நல்-பிளாக் என்ற சோதனை வட்டு டிரைவரை வைத்து ஒருமுறை செய்து பாருங்கள். மாட்யூலை வட்டு எண்ணிக்கை சுழியம் என்று கொடுத்து ஏற்றி, அதன் கான்ஃபிக்எஃப்எஸ் இடத்தில் ஒரு கோப்புறையை உருவாக்கினால், உள்ளே 'சைஸ்', 'மெமரி-பேக்ட்' (தரவை நினைவகத்தில் வைக்கவா என்பது), 'பவர்' என்று கோப்புகள் தாமாக வந்து நிற்கும். சைஸில் 1024 என்று எழுதுங்கள் (அது மெகாபைட் கணக்கு), மெமரி-பேக்டில் 1. இதுவரை வட்டு கிடையாது. பவரில் 1 எழுதிய பிறகுதான் வட்டு தெரியும்.

இந்த பவர் கோப்பை அவசியம் உங்கள் வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்புறை உருவாக்கும்போது அளவுருக்களைக் கொடுக்க வழியில்லை. மதிப்புகள் ஒவ்வொன்றாகத்தான் வரும். தனியே ஒரு 'இப்போது தொடங்கு' இல்லாவிட்டால், பாதி அமைத்த வட்டு வெளியே தெரிந்து, யாராவது அதில் எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

தொடங்கிய பிறகு மாற்றக்கூடாத மதிப்பை எழுத வந்தால் ஈபிஸி ('பயன்பாட்டில் உள்ளது') பிழை கொடுங்கள். வட்டுகளைப் பிற கணினிகளுக்குத் தரும் என்விஎம்இ டார்கெட்டும் அப்படித்தான்: நேம்ஸ்பேஸ் (அது தரும் ஒரு வட்டு) இயங்கும்போது அதன் சாதனப் பாதையை மாற்ற விடாது. பேசாமல் வாங்கிக்கொண்டு செயல்படுத்தாமல் விடுவதுதான் மிக மோசமான வழி. பயனர் மாற்றிவிட்டதாக நம்பிப் போய்விடுவார்.

ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு போதும். எக்கோ கட்டளை கடைசியில் ஒரு புதுவரிக் குறியையும் சேர்த்து அனுப்பும். எழுத்தை எண்ணாக மாற்றும் கர்னலின் கேஎஸ்டிஆர் வகைச் செயல்கூறுகள் அதைப் பொறுத்துக்கொள்ளும். பாதைப் பெயர் என்றால் நீங்களே வெட்ட வேண்டும். வெட்டாமல் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்ற பிழையோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள் உண்டு.

அப்புறம், நீக்கம். பலரும் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கியிருக்கிறேன். கோப்புறை நீக்கப்படும்போது அழைக்கப்படும் டிராப்-ஐட்டம் செயல்கூற்றுக்குத் திருப்பிச் சொல்ல மதிப்பு கிடையாது, அதாவது 'முடியாது' என்று மறுக்க வழியில்லை. அதற்குள்ளேயே நினைவகத்தை விடுவித்தேன். வொர்க்கியூவில் (கர்னல் பின்னர் செய்யும் வேலைகளின் வரிசை) காத்திருந்த ஒரு வேலை பிறகு அதைத் தொட்டது, கர்னல் விழுந்தது. டிராப்பில் வட்டை நிறுத்தி, ரெஃபரன்ஸ் கவுண்டில் (அந்தப் பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை) உங்கள் பங்கை மட்டும் குறையுங்கள். நினைவகத்தை விடுவிக்கும் இடம், அந்த எண்ணிக்கை சுழியமாகும்போது அழைக்கப்படும் ரிலீஸ் செயல்கூறு. பயன்பாட்டில் இருக்கும்போது நீக்கவே கூடாது என்றால் கான்ஃபிக்எஃப்எஸ்-டிபெண்ட்-ஐட்டம் என்ற செயல்கூறு இருக்கிறது; கோப்புறை நீக்கத்தை ஈபிஸி சொல்லி அதுவே தடுக்கும். ஆனால் கான்ஃபிக்எஃப்எஸ் அழைக்கும் உங்கள் செயல்கூறுகளுக்குள் (கால்பேக்) இருந்து அதை அழைத்தால் டெட்லாக் ஆகி, ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும்.

ஐஆக்டில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல மதிப்புகள் ஒரே அடியில், பிரிக்க முடியாதபடி மாற வேண்டும் என்றால் அதுதான் சரி. பல வட்டுகளை இணைத்துப் புது வட்டாகக் காட்டும் டிவைஸ் மேப்பர் தன் அட்டவணைகளை அப்படித்தான் ஏற்றுகிறது. உங்கள் வட்டுக்கு அந்தத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை.

பழைய மாட்யூல் பாராமீட்டர்களை உடனே எடுத்துவிடாதீர்கள். அவற்றை நம்பி யாரோ ஸ்கிரிப்ட் எழுதியிருப்பார்கள். இயல்பு மதிப்புகளாக அவை இருக்கட்டும். கூடவே, நல்-பிளாக்கில் இருப்பதுபோல 'ஃபீச்சர்ஸ்' என்று படிக்க மட்டும் முடிகிற ஒரு கோப்பு வையுங்கள். நாளை புது வசதி சேர்க்கும்போது, இந்தக் கர்னலில் அது உண்டா என்று கருவிகள் அங்கே பார்த்துக்கொள்ளும்.